பஸ்ஸில் ஏறிய பிரிட்ஜ்

வீட்டு பிரிட்ஜ் நின்ற இடத்திலேயே நிற்பதற்காகச் செய்த பெட்டி. ஓடுகிற வண்டியில் அதை வைக்கக் கூடாது. குலுங்கினால் பின்னால் இருக்கிற செம்புக் குழாய் விரிசல் விடும். படுக்கப் போட்டால் மோட்டாருக்குள் இருக்கிற எண்ணெய் குழாயில் ஏறிவிடும். கேட்டவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

எண்பதுகளில் நடந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை. போர்டு கிடையாது. பிரிட்ஜ் பாய் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். அப்போது பிரிட்ஜ் வைத்திருந்த வீடுகள் கொஞ்சம்தான். அத்தனை வீட்டு அடுப்படியும் எனக்குத் தெரியும்.

மொரப்பூர் பக்கத்தில் ஜவ்வரிசி மில் வைத்திருந்த ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். அவர் வீட்டு பிரிட்ஜுக்கு நான்தான் கேஸ் போட்டுக் கொடுத்தவன். கதவு ரப்பரும் மாற்றியிருக்கிறேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். உட்காரவில்லை.

"பாய், பழைய பஸ் ஒண்ணு வாங்கியிருக்கறனுங்க. அதியமான்கோட்டை ஷெட்டுல நிக்குது. சீட்டெல்லாம் கழட்டிட்டு வூடு மாதிரி பண்ணிக்கிட்டிருக்காங்க. கட்டில், அடுப்பு மேடை, தண்ணி டேங்க் எல்லாம் ஆச்சு. எங்க வூட்டு பிரிட்ஜ அதுல வெச்சுக் குடுக்கணும்."

"வண்டில வேணாங்கண்ணே. தாங்காது."

"தாங்கற மாதிரி வைங்க."

"சின்னதா புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க. கெட்டுப்போனாலும் போவுதுன்னு விட்டுடலாம்."

"அதேதான் வேணும் பாய். அதுல இருக்கற ஐஸும் கரையக் கூடாது."

அந்த ஐஸைப் பற்றி எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயசு. அதற்கு முந்தின வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய. கூட்டமும் நிறைய. அம்மா கையை விட்டுவிட்டு நகர்ந்த பிள்ளை அப்புறம் கிடைக்கவில்லை. பரிசல்காரர்கள் தேடினார்கள். போலீஸ் தேடியது. உடம்பும் கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அம்மா மட்டும், கூட்டத்தில் யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கேயோ இருக்கிறாள் என்று சொன்னார்.

அன்றைக்குக் காலையில் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை ஐஸ் தட்டில் ரோஸ்மில்க் ஊற்றியிருக்கிறது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளைக் கழுவி, ஒவ்வொரு குழியிலும் ஒன்றாகச் சொருகியிருக்கிறது. குச்சி ஐஸ். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அதிலிருந்து அந்த ஐஸ் பெட்டியை அம்மா யாரையும் தொட விடவில்லை. பிரிட்ஜில் மேலே இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியில் பனி படியும். அவ்வப்போது நிறுத்திக் கரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். அங்கே வளர்ந்தது. நான் ஒருமுறை ரிப்பேருக்குப் போனபோது பெட்டி முழுக்க வெள்ளையாக அடைத்திருந்தது. தட்டு கண்ணுக்கே தெரியவில்லை. பனிக்கு வெளியே, ஓரமாக, ஊதுபத்திக் குச்சியின் சிவப்பு வால் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"கரைச்சுடலாங்களா அக்கா, மோட்டார் சூடாவுது" என்றேன்.

"அவ வந்து எடுத்துக்குவா பாய். தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார்.

தொடவில்லை.

இப்போது மில்காரர் கடையில் நின்றபடியே சொன்னார். "ஊர் ஊரா தேடணுங்கறா. புள்ள கெடச்ச உடனே ஐஸ்தான் கேப்பா, அதையும் கூட எடுத்துக்கிட்டுத்தான் வருவேங்கறா. வூட்ல விட்டுட்டு வர மாட்டேங்கறா, வூட்லயும் இருக்க மாட்டேங்கறா. பஸ்ஸ ஷெட்டுல காட்டுனன். அதுக்குள்ள உக்காந்து ரெண்டு இட்டிலி தின்னா பாய். எத்தன மாசம் கழிச்சுங்கறீங்க." "ஐஸ் கரைஞ்சுதுன்னா அவ இருக்க மாட்டா."

வைத்துத் தருகிறேன் என்றேன்.

நின்ற வாக்கிலேயே தூக்கி ஒரு டெம்போவில் ஏற்றினோம். ஐஸ் பேக்டரியில் பாளம் வாங்கி உடைத்து, பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியைச் சுற்றி அடைத்தேன். பிரிட்ஜைச் சுற்றிச் சாக்கில் உமி போட்டுக் கட்டினேன். அந்த அம்மா முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். பிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தார்.

மொரப்பூர் ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள். கூட்ஸ் வரவில்லை. சுள்ளென்று வெயில். டெம்போ தகரம் கை வைக்க முடியாமல் சுட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் அடிக்கடி கீழே குனிந்து பார்த்தேன். பெட்டியில் பனி இளகினால் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிற தட்டில் தண்ணீர் வந்துவிடும். ஒரு சொட்டு இல்லை. சாக்கை விலக்கிக் கதவைக் கொஞ்சம் திறந்து கையை விட்டேன். சுற்றி வைத்த பாளம் எல்லாம் பைக்குள்ளேயே தண்ணீராகியிருந்தது. நடுவில் இருந்த பனி விரலில் ஒட்டியது. காய்ந்த குளிர்.

உமி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க முடிந்தது.

அதியமான்கோட்டை ஷெட்டில் அந்த பஸ்ஸை எல்லாரும் வூட்டு பஸ் என்றார்கள். பெயிண்டர் ஒருத்தன் வாயாடி. ஷெட் மேஸ்திரியை வம்புக்கு இழுப்பான்.

"மேஸ்திரி, இதுக்கு வூட்டு வரி கட்டணுமா ரோட்டு வரி கட்டணுமா?"

"உன் வாய்க்குத்தான்டா மொதல்ல வரி போடணும்."

"பாய், பிரிட்ஜ் வந்துட்டுது. அடுத்தது அம்மிக்கல்லையும் ஏத்திருவீங்களா?"

"நீ கூட ஏறிக்க. அரைக்கறதுக்கு ஆள் வேணுமில்ல" என்றேன்.

அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் நாற்காலி ஒன்றைப் பஸ் படிக்குப் பக்கத்தில் போட்டு, வேலை முடியும் வரை தினமும் உட்கார்ந்திருந்தார். எதற்காக என்று ஷெட்டில் யாருக்கும் தெரியாது. மில்காரர் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். ஊர் சிரிக்கும் என்று பயம்.

இரும்பு ஆங்கிளில் ஒரு கூடு அடித்தோம். அதைப் பஸ்ஸின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கினோம். லாரி டயரை வெட்டி, கால்களுக்கு அடியில் கொடுத்தேன். பக்கவாட்டில் பட்டையை இறுக்காமல் கயிற்றுக்கட்டில் போல ஒரு பிடிப்பு வைத்தேன். இறுக்கினால் குலுக்கல் அப்படியே உள்ளே போகும். பின்பக்கம் சூடு போவதற்குப் பஸ் தகட்டில் துளை போட்டு வலை அடித்தோம். வெளியே ஒரு பெட்டி செய்து மண்ணெண்ணெய் ஜெனரேட்டரை வைத்தோம். ஓடும்போது அது. நிற்கும்போது எங்கேயாவது ஒயர் இழுத்துக்கொள்ளலாம். ஷெட்டில் நின்ற நாட்களில் ஷெட் கரண்டில் ஓடியது.

வைத்து முடித்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். தொப்பூர் கணவாய்தான் சரி. அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். மேஸ்திரி ஓட்டினார். மில்காரர் முன்னால். நானும் அந்த அம்மாவும் உள்ளே. உச்சி வேளை. கணவாய்க்கு முன்னால் லாரிக்காரர்கள் கற்பூரம் கொளுத்துகிற இடத்தில் மேஸ்திரியும் இறங்கிக் கொளுத்திவிட்டு ஏறினார்.

கீழே இறங்க இறங்க வெளியே பாறையிலிருந்து அனல் அடித்தது. பிரிட்ஜ் ஆடவில்லை. கூடு முனகவில்லை. எனக்குத் திருப்தி. ஒரு வளைவில், லாரி விழுந்து கண்ணாடித் தூள் கிடந்த இடம், மேஸ்திரி வேகத்தைக் குறைத்தார். வண்டி ஊர்ந்துகொண்டுதான் போனது. குலுக்கல் இல்லை. பிரிட்ஜ் கதவு மெதுவாகத் திறந்தது.

முழுக்கத் திறந்தது. அப்படியே நின்றது.

அந்த அம்மா எழுந்தார். பிரிட்ஜுக்கு முன்னால் குனிந்தார். பிள்ளை உயரத்துக்கு.

"இங்கெல்லாம் எறங்கக் கூடாது, கண்ணு" என்றார். கதவைச் சாத்தினார்.

நான் ஜன்னல் வழியாக மேல் வளைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் கதவுக்குத் தோல் பெல்ட்டும் கொக்கியும் போட்டேன். அது காந்த ரப்பர். நான் மாற்றியதுதான். இழுத்தால்தான் வரும்.

வேலை முடிந்தது. விஜயதசமி அன்றைக்குக் கிளம்புவதாக முடிவு செய்தார்கள். நல்ல நாள். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ஷெட்டுக்கு லீவு. அன்றைக்கு வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், பிள்ளை போனதிலிருந்து வீட்டில் விளக்கே ஏற்றவில்லை என்று மில்காரர் கெஞ்சினார். அந்த அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தார். போகும்போது என்னிடம் வந்தார்.

"கரண்டு நிக்காதுங்களே?"

"நிக்காதுங்கக்கா."

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். எது நின்றாலும் பஸ்ஸுக்குப் போகிற லைனை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றேன். சரி பாய் என்றார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என் சாமான் பெட்டியையும் ஷெட்டில் விட்டுவிட்டுப் போவேன். அவர்கள் சாமான்களோடு சேர்த்து வரிசையில் வைத்துப் பொட்டு வைப்பார்கள். மறுநாள் பொரி கடலையோடு கொடுப்பார்கள். அந்த வருஷமும் விட்டுவிட்டுப் போனேன்.

விஜயதசமி காலையில் வந்தேன். ஷெட் கழுவிவிட்டிருந்தது. வெல்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பஸ் நெற்றியில் பெரிய மாலை. மேஸ்திரி புது வேட்டியில் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாய், உங்க பிரிட்ஜப் பாருங்க. மாப்பிள்ள மாதிரி பண்ணி வெச்சிருக்கறோம்."

ஏறிப் பார்த்தேன். பிரிட்ஜ் பளபளவென்று இருந்தது. கதவில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். கைப்பிடியில் கதம்பம். சத்தம் இல்லை.

"லைன நிறுத்துனீங்களா?"

"நிறுத்தாம எப்பிடி பாய்? ஓடிக்கிட்டிருக்கற மிஷினுக்குப் பொட்டு வெச்சாத் தப்பு. வருஷத்துக்கு ஒருநா அதுக்கும் ஓய்வு குடுக்கணுமில்ல. நேத்து காலைலயே மெயினப் புடுங்கிட்டம். நீங்க சொன்னது மத்த நாளைக்குன்னுதான் நெனச்சன்."

கதவைத் திறந்தேன். உள்ளே புதுசு போல இருந்தது. ஐஸ் பெட்டி காலி. துடைத்து, அதற்குள்ளும் ஒரு பொட்டு. தட்டைக் கழுவி மேலே கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு அழுக்குப் பனி பாய்! எம்மாம் நேரம் உருகுனாலும் நடுவுல கல்லாட்டம் நின்னுச்சு. அப்பறம் நாந்தான் சுடுதண்ணி ஊத்தி எடுத்தன். உங்களுக்கு வேல மிச்சம்."

"குச்சி இருந்துச்சே?"

"ஊதுபத்திக் குச்சிங்களா? குப்பையோட கொளுத்திட்டம்."

ஷெட்டுக்குப் பின்னால் சாம்பல் கிடந்தது. காலால் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒகேனக்கல், ரோஸ்மில்க், எல்லாம். மேஸ்திரிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "சாமி காரியம்னு பண்ணுனன் பாய். சாமி காரியம்னுதான் பண்ணுனன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மில்காரர் மோட்டார் சைக்கிளில் முதலில் வந்தார். அம்மா பின்னால் காரில் வருகிறார், வழியில் கோயிலில் இறங்கியிருக்கிறார் என்றார். நான் கதவைத் திறந்து காட்டினேன். அவர் காலி ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரிதான் எழுந்தார். ரோட்டுக் கடைக்கு ஓடி ரோஸ்மில்க் வாங்கி வந்தார். தட்டை நிமிர்த்தி ஊற்றினார். ஊதுபத்தி தேடினார். பூஜைக்குக் கொளுத்தியதெல்லாம் வாழைப்பழத்தில் எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்து முடியும் வரை மேஸ்திரி பொறுக்கவில்லை. ஷெட் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, கழுவி, ஒடித்துச் சொருகி, தட்டை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

"பனி எப்பிடி வரும் மேஸ்திரி? அது ஒரு வருஷப் பனி" என்றேன்.

"கொஞ்சமாவது வரட்டும் பாய். அப்பறம் கரண்டு போச்சுன்னு சொல்லிக்கலாம். ரோஸ் கலராவது இருக்கட்டும்."

மில்காரர் தலையை ஆட்டினார். செய்யுங்க என்பது போல.

நான் மெயினைப் போட்டேன். மோட்டார் கிளம்பவில்லை. கழுவினவர்கள் பின்பக்கமும் தண்ணீர் அடித்திருந்தார்கள். மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்னச் சாமான் ஒன்று உண்டு, ரிலே என்போம். அது நனைந்திருந்தது. கழற்றி எடுத்து, ஷெட் வாசலில் என் கைக்குட்டையை விரித்து வெயிலில் காய வைத்தேன். அது இல்லாமல் பிரிட்ஜ் வெறும் பீரோதான்.

காயும் முன்னே கார் வந்துவிட்டது.

அந்த அம்மா பட்டுப் புடவையில் இறங்கினார். கையில் தேங்காய் பழத் தட்டு. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பஸ்ஸில் ஏறினார். மேஸ்திரி முன்னால் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா நிற்கவில்லை. நான் பின்னாலேயே ஏறினேன். மில்காரர் படியிலிருந்து எழவில்லை. அங்கிருந்தே உள்ளே பார்த்தார்.

அம்மா கொக்கியைக் கழற்றிக் கதவைத் திறந்தார். ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

வெள்ளை. மூடி வரைக்கும் அடைத்திருந்தது. பழைய பனி. அதன் மேல் மேஸ்திரி வைத்த பொட்டும் இல்லை, எதுவும் இல்லை. குளிர் புகைபோல இறங்கி என் காலில் பட்டது.

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். கைக்குட்டை மேல் ரிலே கிடந்தது. பக்கத்தில் ஒரு காக்கை நின்றது.

அந்த அம்மா பனியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இருக்குது" என்றார். மூடியைச் சாத்தினார். கதவில் இருந்த விபூதிப் பட்டையைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம், "நல்லாப் பண்ணியிருக்கீங்க. பொட்டெல்லாம் வெச்சு" என்றார்.

ரிலே காய்ந்ததும் மாட்டினேன். மோட்டார் ஓடியது. பூசணிக்காய் உடைத்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பஸ் ரோட்டில் ஏறி சேலம் பக்கமாகப் போனது.

போன பிறகு மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், சுடுதண்ணிய நாந்தான் ஊத்துனன். தட்டு என் கையிலதான் இருந்துச்சு."

"ஆமா."

"நீங்களும் பாத்தீங்க."

"பாத்தன்."

விபூதி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு என்னிடமும் நீட்டினார். வாங்கி ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை.

பஸ் அவ்வப்போது தர்மபுரி பக்கம் வரும். ஜெனரேட்டரைப் பார்ப்பதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். திருவண்ணாமலை தீபம், தீர்த்தமலை, கர்நாடகா பக்கத்துத் திருவிழாக்கள் என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் போய் வந்தார்கள். மில்காரருக்கு முடி நரைத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு உடம்பு தேறியிருந்தது. பிரிட்ஜுக்கு ஒரு கோளாறும் வரவில்லை. அந்த ரோட்டில், அந்தக் குலுக்கலில், செம்புக் குழாய் ஒரு தடவைகூட விரிசல் விடவில்லை. நான் அதை நம்பியிருக்கவே மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால்.

மறு வருஷம் ஆடி முடிகிற சமயம் ஆள் விட்டார்கள். டவுன் பஸ்ஸில் போய் அவர்கள் வீட்டு ரோட்டில் இறங்கினேன். வாசலில் வூட்டு பஸ் நின்றது. அந்த அம்மா படியில் நின்று கூப்பிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாய், பிரிட்ஜ எறக்கி வூட்டுக்குள்ளயே வெச்சுடுங்க. வண்டி இனிமே வேணாம்."

"ஏனுங்கக்கா?"

"வந்து பாருங்க."

கதவைத் திறந்து மூடியைத் தூக்கினார். பனி அப்படியே அடைத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பொந்து. யாரோ கையை விட்டுக் குடைந்தது போல. ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"பதினெட்டுக்கு ஒகேனக்கல்ல நிறுத்தியிருந்தம். மத்தியானம் கொஞ்சம் கண்ண அசந்துட்டன். எந்திரிச்சுப் பாத்தா இப்பிடி இருக்குது. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்திருக்கா."

உள்ளே பார்ப்பதற்காகக் கையை விட்டேன். விரல்கள் போயின. அதற்கு மேல் போகவில்லை. என் கை பெரிய கை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பொந்தின் அடியில் தட்டு தெரிந்தது. ரோஸ் கலர் ஐஸ். ஒரு குழி காலி. மற்றதில் எல்லாம் குச்சி நின்றது.

ஈர்க்குச்சி இல்லை. ஊதுபத்திக் குச்சி. நுனியில் சிவப்பு.

டார்ச்சை அணைத்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் அம்மா.

"பாத்தங்க."

"வழி கண்டுக்கிட்டா. மீதிய வூட்ல வெச்சே தின்னுக்குவா."

மில்காரர் பஸ்ஸுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், இறக்கட்டுமா என்று. "எறக்குங்க பாய். அவ சொல்ற மாதிரியே பண்ணுங்க" என்றார்.

மில் ஆட்களைக் கூப்பிட்டு நின்ற வாக்கிலேயே இறக்கினோம். இந்த முறை உமியும் சாக்கும் கட்டவில்லை. நான் கேட்டதற்கு அந்த அம்மா வேண்டாம் என்றார். அடுப்படியில் பழைய இடம் அப்படியே இருந்தது. தரையில் பிரிட்ஜின் கால் பதிந்த கறைகள். அதன் மேலேயே நிறுத்தினேன். ஸ்டெபிலைசரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. பஸ்ஸில் நான் போட்டிருந்த தோல் பெல்ட்டைக் கழற்றிவிடச் சொன்னார்.

"எட்டாது பாய் அவளுக்கு, அந்தக் கொக்கி."

கழற்றினேன். கதவைத் திறந்து சாத்திப் பார்த்தேன். ரப்பர் நன்றாகப் பிடித்தது. நன்றாகச் சாத்தினால் டப் என்று ஒரு சத்தம் வரும். அந்த பிரிட்ஜ் அப்படித்தான்.

அடுப்படியில் வேறு யாரும் இல்லை. மில் ஆட்களை முன்னாலேயே அனுப்பிவிட்டோம். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் மட்டும்தான். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு பேரும் வழியனுப்ப என்னோடு ரோடு வரைக்கும் வந்தார்கள். நல்ல வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் டவுன் பஸ் வருகிற புழுதி தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து டப் என்று கேட்டது.

மில்காரர் என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. கேட்டதா என்று வாயால் கேட்கவில்லை. கேட்டது என்று நான் தலையை ஆட்டினேன். அவர் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"எத்தன தடவ சொல்றது, மெதுவா சாத்துன்னு" என்றார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.